நிலநடுக்கம், நர்கிஸ், 1942: உங்கள் வீட்டில் மனசு எப்படி மீண்டது?

மாண்டலே மளிகைக்காரர்

எல்லோருக்கும் வணக்கம். மாண்டலேயில் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இருந்தாலும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் 12.50. கடையில் இரண்டு பேர் நின்றார்கள். எண்ணெய் டின் வரிசை அப்படியே முன்னால் சரிந்தது. வெளியே ஓடி வந்துவிட்டோம். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கழித்து மறுபடி பெரிய ஆட்டம். என் மைத்துனன் வேலை பார்த்த கட்டடம் முதல் ஆட்டத்தில் விரிசல் விட்டது, இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டது. சாமான் எடுக்க உள்ளே போனவர்களில் அவனும் ஒருவன். கால் முறிந்து பிழைத்தான். பக்கத்தில் நின்றவர் பிழைக்கவில்லை. அன்று ரம்ஜான் மாதத்தின் கடைசி வெள்ளி. எங்கள் தெருவில் ஒரு சூலியா முஸ்லிம் குடும்பம், தமிழ் பேசுகிறவர்கள்தான். தொழப் போன அப்பாவும் மகனும் திரும்பி வரவில்லை.

அப்புறம் அரண்மனை அகழி ஓரம் படுத்தோம். ஏப்ரல் வெயில், நடுவில் ஒரு மழை, கொசு. அதெல்லாம் முடிந்தது. கடை திறந்தாயிற்று, மழைக்காலமும் போயிற்று. எனக்குத்தான் முடியவில்லை. லாரி போனால் கை தானாக மேசையைப் பிடிக்கிறது. தண்ணீர் கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு அது அசைகிறதா என்று பார்த்தபடியே கணக்கு எழுதுகிறேன். ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடுவதில்லை. மைத்துனன் இன்னும் மோசம், யாரிடமும் பேசுவதில்லை. என் மனைவியோ மறுநாளே செங்கல் கூட்டி அடுப்பு வைத்து, அந்தத் தெருவுக்கே கஞ்சி காய்ச்சியவள். அவளுக்கும் அதே ஆட்டம்தான், அதே கூரைதான்.

“அவளுக்கு மனதிடம் ஜாஸ்தி, உனக்குக் கம்மி” என்று என் அத்தை சொல்கிறார். அதைத்தான் கேட்கிறேன். அது பிறவியிலேயே வருவதா? 2008 நர்கிஸ் புயலைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1942-ல் ஜப்பான் சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்குக் காட்டு வழியே நடந்த குடும்பங்கள் இருக்கின்றன. எப்படி எழுந்தீர்கள்? ஒரே ஒரு வேண்டுகோள்: “கடவுளை நம்புங்கள்”, “நல்லதையே நினையுங்கள்” என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அது போனில் நிறைய வந்துவிட்டது, பூப்படத்தோடு.

டெல்டாக்காரி

அண்ணன், உங்கள் தண்ணீர் கிளாஸைப் படித்ததும் எழுதவேண்டும் என்று தோன்றியது. எனக்குக் காற்றுச் சத்தம். கொட்டகைத் தகரம் ஒரு மாதிரி விசில் அடித்தால் போதும், வயிற்றில் கல் விழும்.

ஐராவதி டெல்டாவில், போகலேக்குத் தெற்கே ஆற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. செட்டியார்கள் நிலம் வைத்திருந்த காலத்தில் அறுவடைக்கு வந்து தங்கிய குடும்பம். 2008 மே 2 சாயங்காலம் ரேடியோவில் புயல் என்றார்கள். எங்கள் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. புயல் என்றால் அராக்கான் பக்கம்தான் போகும், டெல்டாவுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. ராத்திரி காற்று கூரையைப் பிடுங்கியது. அதற்கு அப்புறம்தான் தண்ணீர். மழைத் தண்ணீர் இல்லை, கடல். வாயில் உப்புக் கரித்தது எனக்கு நன்றாக ஞாபகம். அப்பா என்னைக் கைலித் துணியால் தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டினார். அம்மாவையும் தம்பியையும் கட்ட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. விடிந்தபோது உடம்பில் துணி இல்லை, நெஞ்சிலும் முழங்கையிலும் தோல் இல்லை. செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

ஊரில் நின்ற ஒரே கல் கட்டடம் பொங்கி மடம், புத்த பிக்குகள் இருக்கும் இடம். பிழைத்தவர்கள் எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்தோம். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பெரிய பொங்கி வந்து என் கையில் ஓர் அகப்பையைக் கொடுத்து, கஞ்சி வரிசையில் நிற்கச் சொன்னார். ஆறுதல் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் எதிரே தட்டு நீட்டிக்கொண்டு ஒரு கிழவி நிற்கும்போது ஊற்றாமல் இருக்க முடியாதே. ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். கொஞ்ச நாளில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், யார் சாப்பிட வரவில்லை என்று எனக்குத்தான் முதலில் தெரியும். என்னைத் தேடிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் மனதிடத்தோடு இருந்து வேலை செய்தேன் என்று நினைக்காதீர்கள். வேலை முதலில் வந்தது. திடம் அதன் பின்னால் மெதுவாக, வேண்டா வெறுப்பாக வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது யாரையும் குறை சொல்ல இல்லை. சில வாரம் கழித்து வெளியூரிலிருந்து ஓர் உதவிக்குழு வந்தது. பெண்பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, அன்று ராத்திரி என்ன நடந்தது என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னால் பாரம் இறங்கும் என்றார்கள். என் முறை வந்தபோது நான் மறுபடி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டேன். மூச்சு முட்டியது. அதற்குப் பிறகுதான் கெட்ட கனவு அதிகமாயிற்று. ரொம்ப வருஷம் கழித்து, கல்யாணமாகி, மாமியாரோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, புளியை உடைத்துக்கொண்டே “ம்” கொட்டினார். பாதியில் நிறுத்தினேன், விட்டுவிட்டார். இன்னொரு நாள் மிச்சம் சொன்னேன். அதில்தான் பாரம் இறங்கியது.

அம்மாவுக்கும் தம்பிக்கும் காரியம் செய்ய உடம்பு கிடைக்கவில்லை. அதனால் அப்பா காரியமே செய்யாமல் இருந்தார், செய்தால் அவர்கள் செத்தது நிஜமாகிவிடும் என்று பயம். யாங்கோனில் ஒரு குருக்கள் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்று சொன்னார். செய்தோம். அன்று ராத்திரி அப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தச் சத்தத்தை நான் அதுவரை மறந்தே போயிருந்தேன்.

தட்டோன் பெரியவர்

எல்லோரும் எழுதுவதைப் பேத்தி படித்துக் காட்டினாள். எங்கள் பாட்டி 1942-ல் ரங்கூனிலிருந்து புறப்பட்டவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான், கிறிஸ்துமஸ் அன்று மறுபடி போட்டான். கப்பலில் இடம் இல்லை. தமு வழியாக மணிப்பூர் மலை ஏறி, இம்பால் கடந்து, திமாப்பூரில் ரயிலைப் பிடித்தார்கள். மூத்த பையனை வழியில் காலராவுக்குக் கொடுத்தார். புதைக்கக்கூட நிற்கவில்லை, நின்றால் இடுப்பில் இருந்த பிள்ளையும் போயிருக்கும். அந்தப் பிள்ளைதான் என் அப்பா. சண்டை முடிந்ததும் பாட்டி இதே மண்ணுக்குத் திரும்பி வந்து ஆடு வளர்த்து, ஏழு பிள்ளைகளைக் கரையேற்றினார். அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் கவுன்சிலிங் என்று யார் கேட்டார்கள்? இப்போது போனில் சார்ஜ் இறங்கினால் பிள்ளைகளுக்கு மனசு உடைந்துவிடுகிறது. வைராக்கியம் வேண்டும், அவ்வளவுதான்.

பகோ பேரன்

ஐயா, மரியாதையோடு ஒரு வார்த்தை. எங்கள் தாத்தாவும் நடந்தவர். அவர் போனது பிரோம் வழி, அராக்கான் மலையைத் தாண்டித் தவுங்குப் கணவாய். அந்த வருஷம் சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். வழியில் செத்தவர்களின் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. தாத்தா தன் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஊரே அவரை வீரர் என்று சொல்லும். நானும் சொல்வேன்.

வீட்டுக்குள் நடந்ததையும் சொல்லவேண்டுமே. ராத்திரி எழுந்து, படுத்திருக்கிறவர்களைத் தலை எண்ணுவார். எண்ணிக்கை தப்பினால் கத்துவார். ஒரு தடவை அப்பா வெளித் திண்ணையில் படுத்துவிட்டதற்காகப் பெல்ட்டால் அடி. தண்ணீர்ப் பானை காலியாக இருந்தால் பாட்டிக்கு அடி. சாராயம் இல்லாமல் அவரால் தூங்க முடியாது. பேரப்பிள்ளைகளை மடியில் வைத்ததில்லை, எங்களைப் பிடிக்காது என்றே நினைத்திருந்தோம். அவரும் அழுது யாரும் பார்த்ததில்லை ஐயா. அழாத மனுஷனோடு குடித்தனம் நடத்திய எங்கள் பாட்டி நிறைய அழுதார்.

மலையை ஏறி இறங்கத் தேவைப்பட்ட திடம் வேறு, ஊர் வந்து சேர்ந்த பிறகு ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சத் தேவைப்படுகிற திடம் வேறு. முதலாவது அவரிடம் மலை மலையாக இருந்தது. இரண்டாவதற்கு அவருக்கு யாரும் உதவவில்லை, உதவி கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. அவர் கேட்காதது பெருமை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கம்மாயுட் அக்கா

நடுவில் ஒரு சின்ன விஷயம். உயிர் போனால்தான் அதிர்ச்சி என்று இல்லை. 1964-ல் எங்கள் தாத்தா கடை அரசுடைமை ஆயிற்று. அதே வருஷம் மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டு செல்லாது என்றார்கள். பெட்டி நிறையப் பணம், ஒரே ராத்திரியில் காகிதம். பெரியப்பா குடும்பம் கப்பல் ஏறி மதராஸ் போயிற்று, நாங்கள் தங்கிவிட்டோம். தாத்தா ஆறு மாதம் மூடின கடை வாசலிலேயே போய் உட்கார்ந்திருப்பாராம். அவரை எழுப்பியது யார் தெரியுமா, எதிர்க்கடைச் சீனர். அவர் கடையும் போனதுதான். தினமும் ஒரு கோப்பை டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாராம். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து பழைய சாக்கு வியாபாரம் தொடங்கினார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ், யாங்கோன்

இங்கே எல்லோரும் சயாமா (பர்மிய மொழியில் டீச்சரம்மா மாதிரி மரியாதைச் சொல்) என்று கூப்பிட்டுக் கேள்வி அனுப்புகிறீர்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பல வருஷம் வார்டில் இருந்தவள், நர்கிஸ் சமயத்தில் டெல்டாவுக்குப் போன குழுவிலும் இருந்தேன்.

மளிகைக்கடைத் தம்பி, லாரி போனால் தரை ஆடுவதுபோல் இருப்பது உங்களுக்கு மட்டும் இல்லை. ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏராளமானவர்கள் இதையே சொன்னார்கள். உடம்பைச் சமநிலையில் வைக்கும் உள்காதும், பயத்தில் விழித்துக்கொண்டே இருக்கும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலை அது. திருடன் வந்து போன வீட்டு நாய் இலை விழுந்தாலும் குரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாயைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை.

மனதிடம் பிறவியில் வருவதா என்று கேட்டீர்கள். கொஞ்சம் சுபாவம் உண்டுதான். ஆனால் ஹவாயில் காவாய் என்றொரு தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று பல துன்பம் சூழ்ந்த வீட்டுப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாகத் தலையெடுத்தது. அந்தப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒரு விஷயம்: அம்மாவோ பாட்டியோ வாத்தியாரோ, கைவிடாத பெரியவர் ஒருவராவது பக்கத்தில் இருந்தார். உங்கள் மனைவிக்கு அன்று அடுப்பும் இருந்தது, அதைச் சுற்றி ஆட்களும் இருந்தார்கள். நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மைத்துனனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் காத்திருந்திருப்பீர்கள். காத்திருப்பது கஞ்சி காய்ச்சுவதைவிடக் கஷ்டம். அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்.

டெல்டாக்கார அக்காவுக்கு நடந்தது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் உதவிக்குப் போன பலர் அப்படித்தான் செய்தார்கள். சம்பவம் முடிந்த கையோடு எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பின்னால் வரும் மன நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகளில் ஏற்கெனவே தெரிந்திருந்தும் பழக்கம் போகவில்லை. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வழிகாட்டியில் மூன்று சொல்தான்: பார், கேள், இணை. யாருக்கு அடி, யாருக்குப் பசி, யார் தனியாக இருக்கிறார் என்று பார். பேச வந்தால் கேள், பிடுங்காதே. சொந்தக்காரரோடு, சாப்பாட்டோடு, மருத்துவரோடு இணைத்துவிடு. புளி உடைத்த மாமியார் எந்த வழிகாட்டியும் படிக்காமலே அதைச் செய்திருக்கிறார்.

மந்திரிப்பதைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பர்மியர்கள் பயந்த ஆளுக்கு லெய்ப்யா பறந்துவிட்டது என்பார்கள், பட்டாம்பூச்சி மாதிரி உயிர் வெளியே போய்விட்டது, கூப்பிட்டு வரவேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாம் வேப்பிலை அடித்துத் திருநீறு போடுகிறோம். தாராளமாகச் செய்யுங்கள். பாட்டி மடியில் உட்கார வைத்து, தலையைத் தடவி, வீடே சுற்றி நிற்கிறது. பயந்த பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று அடிக்கிறவனிடம், சாப்பாடு கொடுக்காதே என்கிறவனிடம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்படி வார்டுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தாங்களாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் அதே கனவு, திடுக்கிடல், அந்த இடத்தை நினைத்தாலே ஒதுங்குவது, எதிலும் ஒட்டாமல் இருப்பது என்று தொடர்ந்து, வேலையும் வீடும் கெட ஆரம்பித்தால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. 1980-லேயே மருத்துவ உலகம் பிடிஎஸ்டி என்று பெயர் வைத்துவிட்டது. பயிற்சி பெற்றவரோடு பல அமர்வுகளாக, நம் வேகத்துக்கு, அந்த ஞாபகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்க்கும் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. யாங்கோன் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் யுவாதாஜி என்ற பெயரைக் கேட்டாலே நம் ஆட்கள் பைத்தியம் என்று சிரிப்பார்கள், அதனால் போகமாட்டார்கள். அந்தச் சிரிப்பால் போன உயிர்கள் உண்டு.

முடோன் ரப்பர்க்காரர்

எங்கள் சின்னத்தாத்தா மலாயா தோட்டத்திலிருந்து வந்தவர். அவராக வரவில்லை. ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது, கொஞ்ச நாள் வேலை, அரிசி தருவோம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. பர்மா முனை எங்கள் பக்கத்துத் தன்பியூசயாட்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வரிசை வரிசையாகப் பெயர் வெட்டி, புல் வெட்டி வைத்திருக்கிறார்கள். செத்துப்போன தமிழ் ஆட்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு அப்படி ஒரு கல்லறைத் தோட்டம் இல்லை.

அவர் எப்படிப் பிழைத்தார் என்று கேட்டால் வீர வசனம் எதுவும் வராது. “கொதிக்க வெச்ச தண்ணி” என்பார். ஒரே தோட்டத்து ஆட்கள் ஒரு குடிசையில் இருந்திருக்கிறார்கள். யார் எழுந்து நடக்க முடிகிறதோ அவர் தண்ணீர் கொதிக்க வைக்கவேண்டும், கொதிக்காததை எவ்வளவு தாகம் எடுத்தாலும் ஒருத்தரும் குடிக்கக்கூடாது என்று பேச்சு. பேச்சை மீறி ஓடைத் தண்ணீர் குடித்தவனை மற்றவர்கள் திட்டித் தீர்ப்பார்களாம். காலரா பக்கத்துக் குடிசைகளை அள்ளிக்கொண்டு போனது. தன் உயிருக்காக மட்டும் என்றால் ராத்திரி எழுந்து விறகு பொறுக்கியிருக்கமாட்டேன், சாகட்டும் என்று படுத்திருப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். நீ கொதிக்க வைக்காவிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவன் சாவான். அது எழுப்பிவிட்டது.

சண்டை முடிந்த பிறகு திரும்பிப்போக வழியில்லாமல் முடோனில் பால்வெட்டப் போய், இங்கேயே குடும்பமாகிவிட்டார். சாகும்வரை ரயில் ஏறவில்லை. ரங்கூனில் பேத்தி கல்யாணத்துக்கு எல்லோரும் ரயிலில் போக, அவர் மட்டும் லாரியில் போய்ச் சேர்ந்தார், மூக்கு முழுக்கப் புழுதி. நாங்கள் கேலி செய்வோம், அவரும் சிரிப்பார். பகோ தம்பி எழுதினதைப் படித்தபோது யோசித்தேன். எங்கள் வீட்டில் அவருக்கு அந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்துவிட்டோம், ஏறு ஏறு என்று யாரும் தள்ளவில்லை. மற்றபடி பாட்டு, கறிச்சோறு, தீமிதி என்று ஆளை ஒரு இடத்தில் பிடிக்க முடியாது. ரயில் ஏறாதவர் மீளவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மாண்டலே மாணவி

அக்கா, அண்ணன்மாரே, நான் எதுவும் எழுதக்கூடாது என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன். அன்று என் தோழியை அறையிலேயே இரு, சாப்பாடு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னது நான்தான். நான் மொஹிங்கா கடையில் நின்றேன். திரும்பி வந்தபோது கட்டடம் இல்லை. அவள் அம்மா எனக்கு இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. என்ன முகத்தோடு பேசுவது? அவளுக்குப் பதில் நான் இருந்திருக்கலாம் என்று தினமும் தோன்றுகிறது. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.

டெல்டாக்காரி

தங்கச்சி, தம்பிக்குப் பதில் நான் ஏன் மரத்தில் இருந்தேன் என்று நானும் கேட்டவள்தான். அப்பாவிடமே கேட்டேன். “நீ பக்கத்தில் இருந்தே, அவன் தூரத்தில் இருந்தான்” என்றார். அதற்குமேல் காரணம் இல்லை. பல வருஷம் காரணம் தேடிப் பார்த்தேன், அதற்குமேல் எனக்கும் கிடைக்கவில்லை. நீ சாப்பாடு வாங்கப் போனாய், நிலம் ஆடியது.

அந்த அம்மா போன் செய்தது உன்னைக் குற்றம் சொல்ல என்று ஏன் நினைக்கிறாய்? அவர் மகள் கடைசியாகச் சிரித்ததைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். காலையில் என்ன பேசினாள், எந்தச் சட்டை போட்டிருந்தாள், முகத்தில் தனக்காப் பட்டைச் சாந்து பூசியிருந்தாளா என்று கேட்பதற்கு அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள். போனில் முடியாவிட்டால் நேரில் போ, தனியாகப் போகாதே. பழமோ பிஸ்கட்டோ கையில் ஏதாவது கொண்டுபோ, வெறுங்கையோடு போனால் கை எங்கே வைப்பது என்று தெரியாது. அழுதால் இரண்டு பேரும் அழுங்கள்.

தட்டோன் பெரியவர்

பகோ தம்பி எழுதினது கொஞ்சம் சுட்டது. பொய் என்று சொல்லமாட்டேன். எங்கள் பாட்டி தலையணைக்குக் கீழே எப்போதும் ஒரு முடிச்சு அவல் இருக்கும். எலி வருகிறது என்று அம்மா எடுத்துப் போட்டால் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார். வயசானவர் பழக்கம் என்று விட்டுவிட்டோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: அந்த மலையில் அவர் உட்கார்ந்து அழுதிருந்தால் இன்று நான் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ், யாங்கோன்

பெரியவரே, நீங்கள் சொன்னதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆபத்து நடக்கும்போது அழுகையை ஒத்திவைக்கத் தெரிவது பெரிய வரம்.

மாணவிக்கு: அவளுக்குப் பதில் நான் இருந்திருக்கலாம் என்று தோன்றுவது இந்த மாதிரி நேரத்தில் நிறையப் பேருக்கு வரும். ஆனால் செத்துவிடலாம் என்று எண்ணம் வந்தால், ஒரு தடவை வந்தாலும், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லு, அன்று ராத்திரி தனியாகப் படுக்காதே. எனக்குத் தனியாக எழுது, உன் ஊரிலேயே பேசக்கூடிய ஒரு பெண் மருத்துவரைப் பார்த்து வைக்கிறேன். படிப்பை நிறுத்தாமலே இதைப் பார்க்கலாம், வீட்டில் நானும் பேசுகிறேன்.

மளிகைக்கடைத் தம்பிக்கு: நீங்கள் தனியாகக் கேட்ட மாத்திரை விஷயம் எல்லோருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன். மைத்துனன் கடையில் வாங்கிப் போடும் தூக்க மாத்திரை டயாசிபாம் வகை. இந்த நோய்க்கு அது மருந்து இல்லை, பழகிவிடும், சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தும். ஆனால் ரொம்ப நாளாகப் போடுகிறவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைக்கவேண்டும். டாக்டரிடம் போனால் “தூக்கம் வரவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், மறுபடி அதே மாத்திரையைத்தான் எழுதுவார். நிலநடுக்கத்தில் மாட்டினான், பக்கத்தில் ஒருவர் இறந்தார், அதற்குப் பிறகு பேசுவதில்லை, கனவு வருகிறது, எத்தனை மாத்திரை போடுகிறான் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவன் பேசாவிட்டால் தாளை நீட்டுங்கள். நீங்களும் கூடவே போய் உங்கள் லாரிக் கதையையும் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.